வாய்க்கால் கரையில் தானாக முளைத்த தக்காளி: தப்பி வந்ததா, காடேறியதா?

ஓடைமேடு:

வணக்கம். கீழ்பவானி வாய்க்காலின் மண்கரையில், ஒரு பாலத்துக்குச் சற்றுக் கீழே, தண்ணீர் சுழித்துக் குப்பை ஒதுங்கும் மூலையில் 14 தக்காளிச் செடிகள் நிற்கின்றன. யாரும் நட்டவை அல்ல. இரு பக்கமும் நெல்லும் மஞ்சளும்தான், தக்காளித் தோட்டம் அருகில் இல்லை. 5 செடியில் காய் கோலிக்குண்டு அளவு. மற்ற 9 செடியில் எலுமிச்சை அளவு, ஆனால் ஒரு செடியின் காய் இன்னொன்றைப் போல இல்லை. இந்த ஒன்பதில் மூன்று செடிகளின் நுனி இலை சுருண்டிருக்கிறது.

மூன்று கேள்வி. இதைக் காட்டுத்தக்காளி என்று வட்டாரச் செடிப் பட்டியலில் சேர்க்கலாமா? விதை எடுத்து வைக்கத் தகுமா? இல்லை, பிடுங்கிப் போடுவதுதான் முறையா?

செடித்தாள்:

பட்டியலில் சேர்க்க வேண்டும் தம்பி. ஆனால் காட்டுத்தக்காளி என்ற பெயரில் வேண்டாம். படிப்பவர் அதை மணத்தக்காளி என்றோ சொடக்குத்தக்காளி என்றோ எடுத்துக்கொள்வார். உண்மையான காட்டுத்தக்காளி இனங்களின் தாய்நிலம் பெரு, ஈக்வடார் பக்கத்து ஆண்டிஸ் மலைச்சரிவும் கடலோரமும். நம் ஊரில் வயலுக்கு வெளியே நிற்பது எல்லாமே பயிரிட்ட தக்காளியின் வழிவந்ததுதான்.

தாவரவியலில் இதற்கு மூன்று படி உண்டு. பயிரிலிருந்து தப்பி வெளியே முளைக்கும், பூக்கும், சில சமயம் காய்க்கவும் செய்யும்; ஆனால் வெளியிலிருந்து புது விதை வந்து விழாவிட்டால் சில ஆண்டுகளில் இடமே காலியாகிவிடும். இது முதல் படி. இந்த இழையில் அதைத் தான்முளை என்றே வைத்துக்கொள்வோம், கிராமத்தில் 'தானா மொளச்சது' என்பதும் அதைத்தான். யார் தயவும் இல்லாமல் குறைந்தது 10 ஆண்டுகள் தன் விதையிலேயே தலைமுறை தலைமுறையாக நிற்பது இரண்டாவது படி, அதாவது காடேறியது. தாய்ச்செடியை விட்டு வெகுதூரம் பரவி மற்றதை நெருக்குவது மூன்றாவது. விதையால் பரவும் செடி 50 ஆண்டுக்குள் 100 மீட்டர் தாண்டினால் அதை இந்த மூன்றாவது படியில் வைப்பது வழக்கம். நட்டு வளர்த்த சீமைக்கருவேலம் மூன்று படியையும் ஏறிவிட்டது. சாலையோர ஆமணக்கு இரண்டாவது படியில் நிற்கிறது. தர்பூசணி, கம்பு, சோளம், எள், சூரியகாந்தி எல்லாம் பெரும்பாலும் முதல் படியோடு சரி. சமவெளித் தக்காளியையும் அங்கேதான் வைப்பேன்.

உங்கள் இடத்தில் இதைச் சோதிப்பது எளிது. வாய்க்கால் கரையில் இரண்டு மட்டம் இருக்கும்: தண்ணீர் தொட்டுக் குப்பை ஒதுக்கும் கோடு, அதற்கு மேலே தண்ணீரே ஏறாத கரை. அடுத்த ஆண்டு நாற்று குப்பைக் கோட்டில் மட்டும் முளைத்தால் தண்ணீர் கொண்டுவந்த புது விதை. இந்த ஆண்டுச் செடி செத்த இடத்தைச் சுற்றி, கோட்டுக்கு மேலேயும் முளைத்து, அவையும் காய்த்து, அதற்கடுத்த ஆண்டும் தொடர்ந்தால்தான் காடேறுகிறதா என்ற பேச்சையே எடுக்கலாம்.

விதைக்கலயம்:

விதை எப்படி வந்தது என்பதை முதலில் பார்ப்போம். தக்காளிக்கு வழி பல.

பழுத்த தக்காளி தண்ணீரில் மிதக்கும். விலை விழுந்த வாரத்தில் சந்தைக்குப் போகாமல் ரோட்டோரமும் ஓடையிலும் கொட்டும் கூடைகள் ஒட்டன்சத்திரம், பாலக்கோடு பக்கம் தெரிந்த காட்சிதான். ஒரு பழம் கரையில் மோதி உடைந்தால் நூறு விதைக்கு மேல் ஒரே இடத்தில் விழும். பழத்துக்குள் இருக்கும்வரை விதையைச் சுற்றிய வழவழப்பு அதை முளைக்க விடாது. பழம் அழுகி அது கரைந்தபின் ஈரம் பட்டால் 6 முதல் 10 நாளில் முளைக்கும். அதனால்தான் தான்முளைத் தக்காளி எப்போதும் கொத்தாக நிற்கும்.

இரண்டாவது வழி வயிறு. தக்காளி விதை மனிதக் குடலில் பழுதாகாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் கசடு காய வைக்கும் தளங்களில் தக்காளி முளைப்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். மூன்றாவது, எரு. மண்புழு உரப் படுக்கை சூடேறாது, விதை அப்படியே உயிரோடு வயலுக்குப் போகும். குவியல் கம்போஸ்ட்டில் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 நாள் நின்று, ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி பலமுறை புரட்டினால்தான் விதை சாகும். புரட்டாத குவியலில் ஓரத்து விதை எல்லாம் பிழைக்கும்.

இனி உங்கள் 14 செடி. இரண்டு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு செடியிலும் 3 பழத்தைக் குறுக்கே அறுத்து உள்ளே எத்தனை அறை என்று எண்ணுங்கள். செடி வளர்ந்துகொண்டே போகிறதா, குட்டையாக நின்று நுனியில் பூங்கொத்தோடு முடிகிறதா என்று குறியுங்கள். அளவை மட்டும் நம்ப வேண்டாம். பட்டினி கிடந்த செடியில் எந்த ரகமும் சிறுத்துத்தான் காய்க்கும்.

ஓடைமேடு:

பார்த்துவிட்டேன் அண்ணா. கோலிக்குண்டுக் காய் 5 செடியிலும் ஒரே மாதிரி, 2 அறை, பழம் 2 சென்டிமீட்டருக்குள். மற்ற ஒன்பதில் 3, 4 அறை. சிலது தட்டை, சிலது நீள்உருண்டை, ஒன்றில் காம்புப் பக்கம் பச்சைத் தோள். ஒன்பதில் இரண்டு செடி இரண்டடி உயரத்தோடு நின்றுவிட்டது. மற்ற ஏழும் கொடிபோல் படர்கிறது.

விதைக்கலயம்:

அப்படியானால் இரண்டு மூலம்.

ஐந்தும் ஒரே அச்சு, 2 அறை, 2 சென்டிமீட்டர் என்றால் அது செர்ரி வகை. பெரிய காய் ரகத்தின் பிள்ளை பட்டினியால் சிறுத்தாலும் அறை எண்ணிக்கை ஐந்து செடியிலும் ஒரே சீராக 2 ஆகிவிடாது. செர்ரி வகைதான் நம் ஊரில் வெளியே நிலைக்க ஓரளவு வாய்ப்புள்ளது. பகலில் 35 டிகிரி தாண்டினால் பெரிய காய் ரகங்களில் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். செர்ரி அந்த வெயிலிலும் கொஞ்சம் பிடிக்கும். பழம் சிறியதாக இருப்பதால் பறவையும் தூக்கிப் போகும்.

ஒன்பதும் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் அது வீரிய ஒட்டின் பிள்ளை. சந்தையில் பெங்களூரு தக்காளி என்று வாங்குவது பெரும்பாலும் எஃப்-1, அதாவது இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை ஒட்டு. அதன் விதையை விதைத்தால் தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிந்து வரும். பி.கே.எம்-1 போன்ற, ஒட்டு அல்லாத நிலைத்த ரகத்தின் விதையாக இருந்தால் ஒன்பதும் தட்டை உருண்டை, பச்சைத் தோள் என்று ஒரே முகத்தோடு நின்றிருக்கும். இது அந்த ரகம் அல்ல.

குட்டை வளர்ச்சி தக்காளியில் ஒடுங்கு குணம், தாய் தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரே எஃப்-1 பழத்தின் விதை என்று கொண்டால், 7 படர்வதும் 2 நிற்பதும் சொல்வது இது: தாய்ச்செடி குச்சி கட்டி ஏற்றும் நெடுவளர்ச்சி ஒட்டு, அதற்குள் குட்டைக் குணம் மறைந்திருந்தது. கணக்குப்படி நாலில் ஒன்று குட்டை. இப்படி நாலில் ஒன்று வரும் குணத்தை ஒரு செடியிலாவது பார்க்க 8 செடி இருந்தால் 90 சதவீத வாய்ப்பு, 11 செடி இருந்தால் 95க்கு மேல். 4 செடியைப் பார்த்துவிட்டு 'எல்லாம் ஒரே மாதிரி, இது நாட்டு ரகம்' என்று விதை விற்பவர்கள் தவறுவது இங்கேதான்.

சுருட்டைக்கும் இதே கணக்கை ஓட்டத் தோன்றும். அர்கா ரக்‌ஷக் போன்ற ஒட்டுகளில் இலைச்சுருள் எதிர்ப்பு உண்டு. எதிர்ப்பு ஒரே ஓங்கு மரபணுவில் (ஒரு பக்கமிருந்து வந்தாலே வேலை செய்வது) இருந்தால் அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று நோயில் விழும், 9ல் 3 அதோடு ஒத்துப்போகிறது. ஆனாலும் இதை வைத்து முடிவு சொல்லாதீர்கள். மற்ற ஆறில் இந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈ உட்காரவே இல்லாமலும் இருக்கலாம்.

நாற்றுவலை:

அந்த மூன்று செடிக்கு வருகிறேன். முதலில் நோயா, வெயில் சுருட்டலா என்று பிரிக்க வேண்டும். வெயிலாலும் தண்ணீர் ஏற்ற இறக்கத்தாலும் சுருள்வது அடி இலையில் தொடங்கும். இலை தடித்துத் தோல்போல இருக்கும், நிறம் மாறாது, நுனி வழக்கம்போல வளரும். வைரஸ் நுனியில் தொடங்கும். புது இலை சிறுத்து, ஓரம் வெளிர்மஞ்சளாகி, மேல்நோக்கிக் கிண்ணமாகச் சுருண்டு, கணுக்கள் நெருங்கிக் குத்துச்செடிபோல் ஆகும். பூ உதிரும். நீங்கள் நுனி என்று எழுதியிருப்பதால் வைரஸ் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

தான்முளையின் பெரிய கேடு இதுதான். கோடையில் வயலில் தக்காளி இல்லாத இடைவெளியில் வைரஸுக்கும் வெள்ளை ஈக்கும் தங்க இடம் கிடைக்கக்கூடாது. வாய்க்கால் ஈரத்தில் நிற்கும் நாலு செடி அந்த இடைவெளியை அடைத்துவிடும். நோய்ச்செடியில் அரை மணி நேரம் சாறு உறிஞ்சிய ஈ வைரஸை ஏற்றிக்கொள்ளும். பிறகு பல நாள், பெரும்பாலும் சாகும்வரை, போகுமிடமெல்லாம் பரப்பும். நட்ட முதல் 30, 40 நாளில் தொற்றிய பயிரில் மகசூல் என்று பேச ஒன்றும் மிஞ்சாது.

பிடுங்குவதிலும் முறை இருக்கிறது. பட்டப்பகலில் செடியை உலுக்கிப் பிடுங்கினால் ஈ எல்லாம் எழும்பிப் பக்கத்து வயலுக்குப் போய்விடும், பிடுங்கியதே கேடாக முடியும். காலை வெயில் ஏறுமுன், ஈ மந்தமாக இருக்கும்போது போங்கள். பெரிய பாலித்தீன் பையை நுனியிலிருந்து மெல்ல இறக்கி, அடித்தண்டில் வாயைச் சுற்றிப் பிடித்து, பையோடு சேர்த்து வேரோடு இழுங்கள். வாயைக் கட்டி நாள் முழுக்க வெயிலில் போட்டால் உள்ளே ஈயும் குஞ்சும் வெந்துவிடும். பிறகு புதைக்கலாம். வரப்பில் எறிவதும் வாய்க்காலில் வீசுவதும் கூடாது.

பிடுங்கிய வேரைச் சும்மா விடாதீர்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. தண்டின் அடியில் விரல் நீளத்துக்கு வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போல் இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அது பாசனத் தண்ணீரோடு பரவும் நோய். வாய்க்கால் கரையில் அதைக் கண்டால் கீழ்மடைக்காரர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

இலையில் வெளிறிய கொப்புளம்போல் பெரிய திட்டுகள், உள்ளே கருப்புக் கழிவு, காயில் ஊசித் துளை இருந்தால் தென்னமெரிக்க இலைத்துளைப்பான். 2014ல் மகாராஷ்டிரத்தில் முதலில் பிடிபட்டு, பிறகு தெற்கே இறங்கியது. மணத்தக்காளியிலும் அது தங்கும்.

பந்தல்கொடி:

நாற்றுவலை அக்கா சொன்னது தக்காளிக்குச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு வழியில் நிற்கும் தான்முளையெல்லாம் கேடு என்று அரிவாளோடு கிளம்பிவிடக் கூடாது. பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். 2008ல் கோவையில் கண்டது, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றிலும் ஏறியது. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி உயிரோடு இருக்க ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் மாவுப்பூச்சி வேண்டும். சாலையோரத்தில் யாரும் மருந்தடிக்காமல் நிற்கும் பப்பாளி அந்த மூலை.

நாற்றுவலை:

மறுக்கவில்லை. பூச்சியை அடக்கும் குளவி தங்கும் செடி வேறு, மருந்தே இல்லாத வைரஸ் தங்கும் செடி வேறு. அதே பப்பாளியில் இலை தேமல்போல் வெளுத்து, காம்பில் எண்ணெய்க் கோடு, காயில் வளையம் வளையமாக இருந்தால் அது வளையப்புள்ளி வைரஸ். பக்கத்தில் பப்பாளித் தோட்டம் இருந்தால் அந்த மரத்தை விடமாட்டேன். செடியின் பெயரை வைத்து அல்ல, அதில் என்ன தங்கியிருக்கிறது, அருகில் என்ன பயிர் வரப்போகிறது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டும். ஓடைமேடு தம்பியின் மற்ற 11 செடியை நான் இப்போது பிடுங்கச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் பார்த்தால் போதும். சுற்றுவட்டாரத்தில் தக்காளி, மிளகாய் நாற்று விடப்போகிறார்கள் என்றால் அதற்கு மூன்று வாரம் முன்னால் எடுத்துவிடலாம். நாற்றங்காலுக்கு 40 கண் நைலான் வலை போடுவது தனி, அதை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

குளத்தங்கரை:

நடுவில் ஒரு கேள்வி ஐயா. உரமில்லை, மருந்தில்லை, பாத்தி கட்டித் தண்ணீர் விடவில்லை. அப்படியும் காய்க்கிறதே. இதன் விதையில் வறட்சி தாங்கும் குணம் இருக்கும்தானே? 'காட்டில் தானாக வளர்ந்த வறட்சி ரகம்' என்று சில விதைக் குழுக்களில் சுற்றுகிறது.

விதைக்கலயம்:

பெரும்பாலும் இல்லை தம்பி, காரணம் வேரில் இருக்கிறது. நாற்று பிடுங்கி நடும்போது தக்காளியின் ஆணிவேர் அறுந்துவிடும். அதன்பின் மேல்மண்ணில் பக்கவேராகத்தான் பரவும். தான்முளைக்கு ஆணிவேர் அறுபடவே இல்லை, நேராக ஆழத்துக்கு இறங்கும். வாய்க்கால் கரையில் அடிமண் ஈரம் வேறு. அடுத்தது தனிமை. ஏக்கருக்குப் பல ஆயிரம் செடி நிற்கும் வயலைத் தேடி வரும் பூச்சி, புதருக்குள் நிற்கும் ஒற்றைச் செடியைக் கண்டுபிடிக்க நாளாகும். மூன்றாவதாக, நாம் பார்ப்பது பிழைத்ததை மட்டும். நூறு முளைத்து எண்பத்தாறு செத்திருந்தால் அந்தச் செத்தவை கணக்கில் வருவதில்லை.

உண்மையிலேயே குணம் இருக்கிறதா என்று தெரிய ஒரே வழி, இந்த விதையையும் பி.கே.எம்-1 விதையையும் ஒரே நாளில் ஒரே குழித்தட்டில் போட்டு, 25 நாள் நாற்றை ஒரே வயலில் மாற்றி மாற்றி வரிசையாக நட்டு, ஒரே மாதிரித் தண்ணீரைக் குறைத்துப் பார்ப்பது. வகைக்கு 20 செடிக்குக் குறைந்தால் வேற்றுமை குணத்தாலா மண்ணாலா என்று தெரியாது. இந்தச் சோதனை இல்லாமல் வறட்சி ரகம் என்று பெயர் வைத்து விதை கொடுப்பது, வாங்குகிறவரின் ஒரு போகத்தை வீணடிக்கும் காரியம்.

ஓடைமேடு:

விதை எடுப்பதில் தவறில்லை என்றால் முறையைச் சொல்லுங்கள் அண்ணா. பழத்தைச் சமைக்கலாமா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

விதைக்கலயம்:

செர்ரி ஐந்திலும் எடுங்கள், அது நிலைத்த வகைபோல இருக்கிறது. ஒன்பதில் எடுப்பதானால் பொறுமை வேண்டும். தக்காளி தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர், தலைமுறைக்குத் தலைமுறை கலப்பு பாதியாகக் குறையும். இப்போது நிற்பவை எஃப்-2, அதாவது ஒட்டுக்கு அடுத்த தலைமுறை, இதில் கலப்பு 50 சதவீதம். அடுத்ததில் 25, பிறகு 12.5, பிறகு 6. எஃப்-6ல் 3 சதவீதத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரு செடியின் விதையைத் தனிப்பொட்டலத்தில் வைத்து, பிடித்த குணத்தை மட்டும் தொடர வேண்டும். ஆண்டுக்கு இரண்டு போகம் என்றால் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. வேறு தக்காளியிலிருந்து 25 மீட்டராவது தள்ளி நடுங்கள், 50 இருந்தால் நல்லது.

எடுக்கும் முறை: நன்கு பழுத்து மெத்தென்றான, புள்ளியும் அழுகலும் இல்லாத பழம். சுருண்ட மூன்று செடியில் வேண்டாம். கூழைப் பிழிந்து மண்பாத்திரத்திலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ போடுங்கள், இரும்பும் செம்பும் வேண்டாம். தண்ணீர் அதிகம் ஊற்றாதீர்கள், ஊற்றினால் புளிப்பு ஏறாமல் விதை முளைக்கப் பார்க்கும். நிழலில் 24 முதல் 48 மணி நேரம். நம் வெயிலில் பெரும்பாலும் ஒன்றரை நாளில் முடிந்துவிடும். இடையில் இரண்டு முறை கிளறுங்கள். விரலில் தேய்த்தால் வழவழப்பு போய் விதை சொரசொரவென்று இருந்தால் ஆயிற்று. மூன்றாவது நாளுக்கு விட்டால் முளைவிட்டுக் கெடும். நாலு தண்ணீரில் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைத் துணியில் பரப்புங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் நிழல், பிறகு காலை வெயில். 8 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் விதை கையில் கலகலவென்று உதிரும். ஒரு கிராமில் 300 விதைபோல் இருக்கும்.

விதைத்தோலில் ஒட்டிவரும் தேமல் வகை வைரஸுக்கு 10 சதவீத ட்ரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் 15 நிமிடம் ஊறவைத்து ஓடும் தண்ணீரில் அலசலாம். பாக்டீரியாவுக்கு 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம். வெப்பமானி இல்லாமல் கைச்சூட்டில் செய்தால் ஒன்று நோய் சாகாது, இல்லை விதை செத்துவிடும். முதலில் 50 விதையில் செய்து முளைப்புப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

சமைப்பது பற்றி: அந்தத் தண்ணீரில் மேலே ஊர்ச்சாக்கடை சேர்கிறதா, சாயப்பட்டறையோ தோல் தொழிற்சாலையோ இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கிருமி கொதியில் சாகும், உலோகம் எந்தக் கொதியிலும் போகாது. தக்காளி காட்மியம் போன்றவற்றைப் பழத்தைவிட வேரிலும் இலையிலும்தான் கூடுதலாகச் சேர்க்கும் என்றாலும், நொய்யல், பாலாற்றின் கழிவு கலந்த பகுதிகளில் தான்முளைத்ததை நான் உண்ணச் சொல்லமாட்டேன். விதைக்கு இந்தத் தடை இல்லை. மண்ணில் இருந்த உலோகம் மரபில் இறங்காது.

பந்தல்கொடி:

உண்பது பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தக்காளியில் தைரியமாகச் செய்வதைச் சுரை, பீர்க்கு, பூசணி வகைத் தான்முளையில் செய்யாதீர்கள்.

தமிழில் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்குமட்டி என்று வரிசையாகப் பெயர் இருக்கிறது. நல்ல காய்போலவே இருந்து கசந்து கொல்வதற்கு நம் ஆட்கள் வைத்த எச்சரிக்கைப் பலகை அந்தப் 'பேய்'. பேய்ச்சுரையும் கறிச்சுரையும் ஒரே இனம். பேய்ப்பீர்க்கும் கறிப்பீர்க்கும் அப்படித்தான். தேனீ இரண்டுக்கும் இடையே மகரந்தம் கொண்டுபோகும். கறிச்சுரைக் கொடியில் அந்த ஆண்டு காய்த்த காய் நன்றாகவே இருக்கும், கலப்பு உள்ளே விதைக்குத்தான் போகிறது. அந்த விதை குப்பைமேட்டில் விழுந்து முளைத்தால் கொடி, இலை, காய் எல்லாம் கறிச்சுரை சாயலில், காய் முழுக்கக் கசப்பு. கசப்பு ஓங்கு குணம் என்பதால் முதல் கலப்பிலேயே வெளிப்படும்.

கசப்புக்குக் காரணமான குகர்பிட்டசின் கொதிக்க வைத்தாலும் போகாது. உப்பில் ஊறவைப்பது, பிழிந்து ஊற்றுவது எதுவும் உதவாது. கசந்த சுரைச்சாறு குடித்து வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி, இரத்த அழுத்தம் சரிந்து இறப்பு வரை நம் நாட்டில் பதிவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்காகவே நிபுணர் குழு வைத்து, கசக்கும் சாற்றைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது.

செய்ய வேண்டியது ஒன்றே. தானாக முளைத்த கொடியின் ஒவ்வொரு காயிலும், காம்புப் பக்கம் நகக்கண் அளவு சீவி நாக்கு நுனியில் வைத்துத் துப்புங்கள். கசந்தால் காயை மட்டுமல்ல, கொடியையே எடுத்துவிடுங்கள், இல்லையேல் அதன் மகரந்தம் அடுத்த வீட்டுப் பந்தலுக்குப் போகும். மசாலா சேர்த்த பிறகு ருசி பார்ப்பதில் பயனில்லை, புளியும் காரமும் கசப்பை மறைத்துவிடும்.

தர்பூசணி தேடுபவர்களுக்கும் ஒரு சொல். ஆற்றுமணலில் பிளவுபட்ட இலையோடு படர்ந்து, பந்தளவு வரிக்காய் காய்ப்பதெல்லாம் தப்பி வந்த தர்பூசணி அல்ல. கொடி சொரசொரவென்று, சதை வெள்ளையாகப் பஞ்சுபோல் இருந்தால் பேய்க்குமட்டி, கடும் பேதி மருந்து. வெள்ளரிப்பழக் கொடி சுக்கங்காய் என்ற கசப்புக் காயோடு கலந்து கசப்பாவதும் உண்டு, இரண்டும் முலாம்பழ இனம். பச்சையாகக் கடிக்கும் வெள்ளரிப்பிஞ்சு வேறு இனம், சுக்கங்காயோடு கலக்காது.

பட்டிமாடு:

மாடு வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். தார்ரோட்டில் சோளம் காயப்போட்டு அடித்த இடத்தில் முதல் மழைக்குப் பிறகு ஓரமெல்லாம் சோளம் முளைத்து நிற்கும். மேய்ச்சலுக்கு இழுக்கும் பச்சை அதுதான். முழங்கால் உயரத்துக்குக் கீழே, குறிப்பாக மழை நின்று வாடிய குருத்தில், சயனைடு விஷம் அதிகம். பசித்த மாடு வயிறு நிறையத் தின்றால் கால் மணி நேரத்தில் மூச்சிரைப்பு, நுரை, ஈறு செக்கச்செவேல் என்று ஆகி விழும். கால்நடை மருத்துவர் நரம்பில் போடும் சோடியம் தயோசல்பேட் உடனே கிடைத்தால்தான் பிழைக்கும். வெட்டிய தட்டையின் அடியிலிருந்து கிளம்பும் மறுதாம்பிலும் இதே ஆபத்து.

இளம்பயிரில் சோளமா மக்காச்சோளமா என்று இலையை வைத்துத் தடுமாற வேண்டாம். வேரோடு பிடுங்கினால் முளைத்த மணியின் கூடு ஒட்டியிருக்கும். மிளகைவிடச் சற்றுச் சிறிய உருண்டை என்றால் சோளம். பட்டையாக, பெரியதாக இருந்தால் மக்காச்சோளம்.

செடித்தாள்:

பேச்சு சுரைப்பந்தல் வரை போய்விட்டது, எல்லாம் தேவையானதுதான். ஓடைமேடு தம்பியின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன்.

தாளில் அழுத்தி உலர்த்திப் பாதுகாக்க இரண்டு மாதிரி எடுங்கள்: செர்ரியில் ஒன்று, பெரிய காயில் ஒன்று. ஒன்றாகச் சேர்த்து ஒரே எண்ணில் பதிந்தால் பிறகு பிரிக்க முடியாது. பூவும் காயும் உள்ள ஒரு முழம் கிளை போதும். தக்காளி இலை சதைப்பற்று, முதல் மூன்று நாள் தினமும் செய்தித்தாள் மாற்றாவிட்டால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு இலையையாவது அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். பழத்தை முழுதாக அமுக்கினால் தாளெல்லாம் சாறாகும். குறுக்கே மெல்லிய வட்டமாக அறுத்து, சாற்றை ஒற்றி எடுத்து, தனித்தாளில் உலர்த்தி உறையில் போட்டு ஒட்டுங்கள். அறை எண்ணிக்கை அதில் நிலைத்து நிற்கும். பழ நிறத்தைக் குறிப்பில் எழுதுங்கள், காய்ந்தபின் நிறம் இருக்காது. மாதிரித் தாள் 42க்கு 28 சென்டிமீட்டர். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் சென்னைத் தாவரத் தொகுப்பு என்ற உலர்செடி மாதிரிச் சேகரிப்பு இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வழி உண்டு.

மாதிரியோடு வைக்கும் குறிப்புச் சீட்டில் பலர் விடுவது இரண்டு: எத்தனை செடி என்ற எண்ணிக்கை, அருகில் அதே பயிர் பயிரிடப்பட்டிருக்கிறதா என்பது. இவை இரண்டும் இல்லாத தான்முளைப் பதிவை, பத்து ஆண்டு கழித்து வருபவர் எதோடும் ஒப்பிட முடியாது.

ஓடைமேடு:

நன்றி ஐயா, அண்ணா, அக்கா. மூன்று சுருட்டைச் செடியை நாளை காலை பையோடு எடுத்துவிடுகிறேன், வேரையும் டம்ளரில் பார்க்கிறேன். செர்ரி மாதிரிக்கு இப்படிச் சீட்டு எழுதியிருக்கிறேன், சரியா?

"தக்காளி, செர்ரி வகை. பாசன வாய்க்கால் மண்கரை, குப்பைக் கோட்டில், நீர்மட்டத்துக்கு ஒரு அடி மேல். 5 செடி, 3 மீட்டருக்குள். பழம் சிவப்பு, 2 செ.மீ. உட்பட்டது, 2 அறை. அருகில் நெல், மஞ்சள். காடேறியது."

செடித்தாள்:

கடைசிச் சொல்லை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "தான்முளை. அருகில் தக்காளிப் பயிர் இல்லை. விதை பெரும்பாலும் தண்ணீர் வழி. அடுத்த ஆண்டு மீண்டும் பார்க்க." கூடவே தேதியும் அட்சரேகை, தீர்க்கரேகையும். குப்பைக் கோட்டுக்கு மேல் கரையில் ஒரு கல்லில் பெயின்ட் அடித்து வையுங்கள். தண்ணீர் வந்து போனால் கோடு நகர்ந்துவிடும், கல் இருந்தால்தான் அடுத்த ஆண்டு நாற்று எந்த மட்டத்தில் முளைத்தது என்று சொல்ல முடியும்.